'ரிச்' வேறு, 'வெல்தி' வேறா? கையெழுத்திடும் முன் ஒரு கணக்கு

வாசகி ஒருவர் எழுதியுள்ள நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அவர் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறார். கணவர் தனியார் நிறுவனம் ஒன்றில் நல்ல சம்பளத்தில் இருக்கிறார். மணமாகிப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன; பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள். 'சம்பளம் வாங்குகிறவன் வெறும் ரிச்; தூங்கும்போதும் பணம் வந்துகொண்டிருக்கிறவன்தான் வெல்தி' என்ற பேச்சை எங்கோ கேட்ட நாளிலிருந்து, 'நாம் ரிச்தான், வெல்தி இல்லை' என்று கணவர் சொல்லத் தொடங்கியிருக்கிறார். இதுவரை சேர்த்த பணம் முழுவதையும் முன்பணமாகக் கட்டி, மீதிக்கு வங்கிக் கடன் பெற்று, வாடகைக்கு விடுவதற்காக இரண்டு வீடுகளை வாங்குவது, ஓராண்டுக்குள் வேலையை விட்டுவிடுவது என்பது அவருடைய திட்டம். கடன் பத்திரத்தில் மனைவியும் இணைக்கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். வாசகியோ, இரண்டு சொற்களுக்கும் பொருள் ஒன்றே என்று அகராதியைத் திறந்து காட்டியிருக்கிறார். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. 'யார் சொல்வது சரி? நான் கையெழுத்திட வேண்டுமா? மறுத்தால் அது அவருக்குச் செய்யும் துரோகமாகாதா? மாணவர்கள் கேட்டால் இந்த இரு சொற்களின் வேறுபாட்டை எப்படி விளக்குவது?' என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான்கு பக்கங்கள் இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பற்றியே பேசுகின்றன. மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில், கணவரின் பிரிவில் சென்ற ஆண்டு சிலரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் மறக்கவில்லை; பின்னர் அதற்கு வருகிறேன். சொல்லில் தொடங்கிய சண்டை என்பதால் சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

சொற்களைப் பொறுத்தவரை

அகராதி உங்கள் பக்கம் நிற்கிறது என்பது பெருமளவு உண்மை. 'ரிச்' என்பதற்கும் 'வெல்தி' என்பதற்கும் மிகுதியான பணமும் உடைமையும் உள்ளவர் என்றே பொது அகராதிகள் பொருள் தருகின்றன. சம்பளத்தால் வந்தால் ஒன்று, சொத்தால் வந்தால் மற்றொன்று என்ற பிரிவினை அங்கே இல்லை. அது தனிநபர் நிதி பற்றி எழுதுவோரும் பேசுவோரும் தங்கள் கருத்தை விளக்குவதற்காக அண்மைக் காலத்தில் வகுத்துக்கொண்ட பிரிவினை. அப்படி வகுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால், ஒரு கருத்தை விளக்க வகுத்த பிரிவினையை மொழியே விதித்த விதிபோல் எடுத்துக்கொண்டு, அதன்மேல் ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதையும் ஏற்றி வைப்பது தவறு.

ஆனாலும் இரண்டும் முற்றிலும் ஒன்றே என்று நீங்கள் சொன்னதையும் நான் சற்றுத் திருத்த வேண்டியிருக்கிறது. பிறப்பிலேயே இவை வேறு வேறு சொற்கள். 'ரிச்' என்பதன் பழைய ஆங்கில வடிவத்துக்கு 'வல்லமை உள்ள', 'ஆட்சியுள்ள' என்பனவே முதற்பொருள். லத்தீனில் அரசனைக் குறிக்கும் 'ரெக்ஸ்', வடமொழி வழியாக நமக்குப் பழகிய 'ராஜா' ஆகிய சொற்களும் அதே தொல்வேரைச் சேர்ந்தவை. ஜெர்மன் மொழியில் 'ரைஷ்' என்ற ஒலியே பெயர்ச்சொல்லாகப் பேரரசையும் உரிச்சொல்லாகச் செல்வமுடைமையையும் இன்றும் குறிக்கிறது. ஆள்பவனிடம் செல்வம் குவிந்ததால் ஆட்சியைக் குறித்த சொல் செல்வத்தைக் குறிக்கலாயிற்று. 'வெல்தி'க்கு அடியான 'வெல்த்' பிறந்த வீடு வேறு. நலம் என்ற பொருளுடைய 'வீல்' என்ற சொல்லுடன், உடல்நலத்தைக் குறிக்கும் 'ஹெல்த்' என்பதன் ஈற்றைப் போன்ற ஈறு சேர்ந்து, 13ஆம் நூற்றாண்டளவில் உருவான சொல் அது. நலமாக இருத்தல், வளமாக இருத்தல் என்ற இரு பொருளையும் அது சேர்த்தே சுமந்தது. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தின் பத்தாம் அதிகாரத்தில், ஒவ்வொருவனும் தன்னுடையதை அல்ல, பிறனுடைய 'வெல்த்'தைத் தேடக்கடவன் என்று ஒரு வரி இருக்கிறது. இன்றைய பொருளில் படித்தால், அடுத்தவன் சொத்தைத் தேடிப் போகச் சொல்வதுபோல் ஒலிக்கும். அது சொல்வது பிறர் நலத்தை நாடு என்பதையே. பிற்கால மொழிபெயர்ப்புகள் அந்த இடத்தில் நன்மை என்ற பொருளுடைய சொல்லை இட்டுக்கொண்டன. 1649இல் மன்னராட்சியை நீக்கிய இங்கிலாந்து தன்னைக் 'காமன்வெல்த்' என்று அறிவித்துக்கொண்டபோதும், பொதுச் சொத்து என்ற பொருளில் அல்ல, பொதுநலம் நாடும் அரசு என்ற பொருளில்தான் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டது.

இன்றைய வழக்கிலும் இரு சொற்களின் எல்லைகள் ஒன்றல்ல. மாணவர்களுக்கு நீங்கள் இதைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்பது என் எண்ணம். மண், நிறம், குரல், உணவு, வரலாறு ஆகியவற்றை 'ரிச்' என்று சொல்லலாம். 'வெல்தி' என்று சொல்ல முடியாது. மனிதர், குடும்பம், நகரம், நாடு ஆகியவற்றுக்கு இரண்டும் பொருந்தும். திடீரென்று பணம் சேர்வதைச் சொல்லும் மரபுத்தொடர்களில் வருவது பெரும்பாலும் 'ரிச்'. சம்பாதிக்க வேண்டிய தேவையே இல்லாத அளவு சொத்துள்ளவரைக் குறிக்க 'இண்டிபெண்டென்ட்லி வெல்தி' என்ற தொடர் வழங்குகிறது. உங்கள் கணவர் கேட்ட பிரிவினைக்கு மொழி வழக்கில் ஏதேனும் ஆதாரம் உண்டென்றால் அது இந்தத் தொடர்தான். 'ரிச்' நேரடியான, சற்றே முரட்டுத்தனமான சொல். 'வெல்தி' அடங்கிய குரலில் வரும் சொல். நிதி நிறுவனங்கள் தங்கள் சேவையை 'வெல்த் மேனேஜ்மென்ட்' என்று அழைப்பதும், அந்த இடத்தில் 'ரிச்' என்ற சொல்லை ஒருபோதும் வைக்காததும் இதனால்தான். நம் மொழியில் 'பணக்காரர்' என்பதற்கும் 'செல்வந்தர்' என்பதற்கும் இடையே உள்ள தொனி வேறுபாட்டை இதற்கு இணையாக வைத்து விளக்கினால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். மக்கட்செல்வம், செவிச்செல்வம் என்று பணத்தைக் கடந்தும் செல்வம் என்ற சொல்லை விரிப்பது நம் மரபு. 'அனுபவத்தின் வெல்த்' என்று ஆங்கிலம் சொல்வதும் ஏறக்குறைய அதே விரிவுதான்.

கணக்கைப் பொறுத்தவரை

சொல் உங்கள் பக்கம் என்றேன். கணக்கில் உங்கள் கணவர் ஓர் உண்மையைத் தொட்டிருக்கிறார். அதை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். 'மாதாமாதம் இவ்வளவு வரும்போது நமக்கு என்ன குறை' என்று அவரிடம் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வருவது வேறு, இருப்பது வேறு. பொருளியல் அறிஞர் இர்விங் ஃபிஷர் 1906இல் இந்த வேறுபாட்டைத் தெளிவாக வரையறுத்தார். ஒரு குறிப்பிட்ட கணத்தில் நம்மிடம் உள்ள உடைமைகளின் தொகுதி ஓர் இருப்பு. ஒரு காலப்பகுதி முழுவதும் நமக்கு வந்துகொண்டிருப்பது ஓர் ஓட்டம். முதலாவதைச் சொல்ல ஒரு தேதி போதும். இரண்டாவதைச் சொல்ல மாதமோ ஆண்டோ வேண்டும். குளத்தில் உள்ள நீரையும் வாய்க்காலில் ஓடி வரும் நீரையும் நாம் ஒன்றாகக் கருதுவதில்லை அல்லவா?

ஆனால் ஓட்டத்துக்கு 'ரிச்' என்றும் இருப்புக்கு 'வெல்தி' என்றும் பெயரிட்டுவிட்டால் கணக்கு முடிந்துவிடாது. 'வெல்த்' என்ற சொல்லைத் தன் நூலின் தலைப்பிலேயே வைத்த பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித், 1776இல், ஒரு நாட்டின் செல்வம் குவித்து வைத்த பொன்னிலும் வெள்ளியிலும் இருக்கிறது என்ற எண்ணத்தை எதிர்த்து, ஆண்டுதோறும் மக்களின் உழைப்பு விளைவிப்பதையே முதன்மையாகப் பேசினார். இன்றைய பேச்சின்படி பார்த்தால், அவர் 'வெல்த்' என்று அழைத்தது ஓட்டத்தை! எனவே உங்கள் வீட்டில் யாரும் எந்தச் சொல்லுக்காகவும் வழக்காட வேண்டியதில்லை. நீங்கள் இருவரும் போட வேண்டியது நிகர மதிப்புக் கணக்கு: உங்களிடம் உள்ள எல்லாவற்றின் இன்றைய மதிப்பிலிருந்து உங்கள் மேல் உள்ள எல்லாக் கடன்களையும் கழித்தால் மிஞ்சுவது எவ்வளவு என்ற ஒரே எண்.

அதன் பக்கத்தில் இன்னோர் எண்ணையும் எழுதச் சொல்வேன். உடனே பணமாக்கக்கூடிய சேமிப்பை ஓராண்டுச் செலவால் வகுத்துப் பாருங்கள். ஆண்டுச் செலவு 10 பங்கு, சேமிப்பு 30 பங்கு என்றால், வருமானம் முற்றாக நின்றாலும் அந்தக் குடும்பம் ஏறத்தாழ 3 ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். சம்பளம் இரு மடங்காகிச் செலவும் இரு மடங்கானால், அதே சேமிப்பு ஒன்றரை ஆண்டுக்குத்தான் வரும். அதிகம் சம்பாதிப்பவர் அதிகப் பாதுகாப்புடன் இருக்கிறார் என்று பொருளல்ல. ஆகாறு அளவிட்டிது ஆயினும் கேடில்லை, போகாறு அகலாக் கடை என்று வள்ளுவர் 478ஆம் குறளில் சொன்னது இதைத்தான்: வரும் வழி சிறிதாக இருந்தாலும் போகும் வழி அகலாதவரை கேடில்லை. என்னிடம் ஆலோசனைக்கு வரும் தம்பதியரில் பலர் வரும் வழியை உடனே சொல்லிவிடுகிறார்கள். போகும் வழியின் அகலத்தைக் கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

கடனில் வாங்கும் வீடு

திட்டத்தின் நடுவில் இருக்கும் பிழையான அனுமானம் இதுதான்: வீடு வாங்கிய அன்றே செல்வம் கூடிவிடுகிறது என்று உங்கள் கணவர் நம்புகிறார். 100 பங்கு விலையுள்ள வீட்டுக்கு 20 பங்கு சொந்தப் பணமும் 80 பங்கு கடனும் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாங்குவதற்கு முதல் நாள் உங்கள் நிகர மதிப்பு 20. வாங்கிய மறுநாள், 100 பங்கு வீட்டின் மதிப்பில் 80 பங்கு கடன் போக, நிகர மதிப்பு அதே 20தான். பத்திரப் பதிவுக்கும் மற்றக் கட்டணங்களுக்கும் ஆன செலவைக் கழித்தால் அதைவிடக் குறைவு. முன்பு அந்த 20 கையில் பணமாக இருந்தது. இப்போது சுவரில் இருக்கிறது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் சுவரில் ஒரு பகுதியைப் பெயர்த்து எடுத்துப் போக முடியாது. வீட்டின் விலை பத்தில் ஒரு பங்கு ஏறினால் உங்கள் 20 பங்கு 30 ஆகும். அதே அளவு இறங்கினால் 10 ஆகும், அதாவது பாதி போய்விடும். கடன், ஆதாயத்தைப் பெருக்குவதைப் போலவே இழப்பையும் பெருக்கும். உற்சாகமாகப் பேசுகிறவர்கள் இதில் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்ற கணக்கையும் பென்சிலால் எழுதிப் பாருங்கள். ஆண்டின் 12 மாதமும் வாடகை வரும் என்று எழுதாதீர்கள். 10 மாதம் என்று எழுதுங்கள். பழுதுபார்ப்பு, வரி, காப்பீடு ஆகியவற்றைக் கழியுங்கள். மாறும் வட்டியில் கடன் வாங்கினால், வட்டி விகிதம் 2 சதவீதம் உயர்ந்தால் தவணை எவ்வளவு ஆகும் என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இவ்வளவுக்கும் பிறகு தவணையைக் கட்டிவிட்டு மிஞ்சும் பணம் ஒரு குடும்பத்தை நடத்தப் போதுமானதாக இருந்தால், வேலையை விடுவதைப் பற்றிப் பேசலாம். தொடக்க ஆண்டுகளில் அப்படி மிஞ்சுவது அரிது. இன்னொன்றும் உண்டு: வங்கி கடன் தருவது உங்கள் கணவரின் சம்பளத்தை நம்பி. விரைவில் வேலையை விடப்போகிறேன் என்ற முடிவை மனத்தில் வைத்துக்கொண்டு, வருமானம் பற்றி வங்கி கேட்கும் கேள்விகளுக்கு அதை மறைத்துப் பதில் எழுதுவது, பின்னால் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடக்கூடும். வங்கியே நம்பி நிற்கும் தூணை நீங்கள் எடுத்துவிட்டு, கூரையை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

உங்கள் கையெழுத்து

இங்கே உங்களுக்கு உள்ள உரிமைகளைத் தெளிவாகச் சொல்ல வேண்டியது என் கடமை. இணைக்கடனாளி என்றால் பாதிக் கடனுக்குப் பொறுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான கடன் ஒப்பந்தங்களில், ஒவ்வொருவரும் முழுக் கடனுக்கும் பொறுப்பு. கணவரால் கட்ட இயலாமல் போனால் வங்கி முழுத் தொகையையும் உங்களிடமே கேட்கலாம். அதே வேளை, கடனில் கையெழுத்திடுவதாலேயே வீட்டில் உங்களுக்குப் பங்கு வந்துவிடாது. உரிமைப் பத்திரத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. கடன் பத்திரத்தில் உங்கள் பெயரும் உரிமைப் பத்திரத்தில் அவர் பெயர் மட்டும் என்ற ஏற்பாட்டுக்கு எந்த நிலையிலும் இசையாதீர்கள். கடன் தொகைக்கு ஈடான ஆயுள் காப்பீடு அவர் பெயரில் எடுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒப்பந்தத்தின் படியை வீட்டுக்கு எடுத்துவந்து, அவசரமின்றிப் படித்து, உங்கள் ஊர்ச் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட்டுப் பிறகு முடிவு செய்ய உங்களுக்கு முழு உரிமை உண்டு. அப்படிக் கேட்பது துரோகமல்ல. முழுக் கடனுக்கும் பொறுப்பேற்கப் போகிற ஒருவர், அந்தக் கடனைப் பற்றி முழுமையாகக் கேட்டறியாமல் கையெழுத்திடுவதுதான் இருவருக்கும் கேடு.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: இந்தத் திட்டம் இப்போதுள்ள வடிவில் கையெழுத்துக்கு உரியதல்ல. ஆனால் மறுப்போடு நின்றுவிடாதீர்கள். ஒரு வீட்டுக்கு ஆகும் தவணைத் தொகையை ஆறு மாதம் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, மீதிச் சம்பளத்தில் குடும்பத்தை நடத்திப் பாருங்கள். முடிந்தால், சேமிப்பில் ஓராண்டுச் செலவுக்கான பணத்தைத் தொடாமல் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு வீடு வாங்குவது பற்றி, அவர் வேலையில் இருக்கும்போதே யோசிக்கலாம். முடியாவிட்டால், அந்த உண்மையைக் கடன் இல்லாமலே தெரிந்துகொண்டிருப்பீர்கள். ஆறு மாதச் சேமிப்பும் கையில் இருக்கும்.

இனி அந்த ஒரு வரிக்கு வருகிறேன். பக்கத்து இருக்கைக்காரர் பெட்டியுடன் வெளியேறியதைப் பார்த்த மனிதர், தன் சம்பளம் ஒரு கடிதத்தில் நின்றுவிடக்கூடியது என்பதை உணர்ந்திருக்கிறார். அதை வீட்டில் 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று அவரால் சொல்ல முடியவில்லை. 'நாம் வெல்தி இல்லை' என்று சொன்னார். நீங்கள் அகராதியைத் திறந்தீர்கள். ஆசிரியை என்ற முறையில் உங்கள் கை தானாக அங்கே போனதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர் கேட்டது சொற்பொருள் அல்ல என்பதை மட்டும் சொல்கிறேன். ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கின் 1860இல் எழுதிய கட்டுரைகளில், 'ரிச்' என்பது ஓர் ஒப்பீட்டுச் சொல், வடக்கு என்றால் தெற்கு இருப்பதுபோல் அதற்கு எதிரே ஏழை என்ற சொல் இருந்தே தீரும் என்று விளக்கினார். உங்கள் கணவர் இன்று யாரையும்விட மேலே இருக்க விரும்பவில்லை. நாளைக் காலையைப் பற்றிய அச்சம் இல்லாமல் இருக்க விரும்புகிறார். 'வெல்த்' என்ற சொல்லின் மிகப் பழைய பொருளான நலத்தைத்தான், தெரியாமலே, அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வங்கிக்குப் போகும் நாள் அடுத்த மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன் ஒரு விடுமுறை நாளில், அகராதியை அலமாரியிலேயே விட்டுவிட்டு, இருவரும் ஒரு தாளை எடுத்து உட்காருங்கள். வேலை போய்விட்டால் எத்தனை மாதம் சமாளிக்கலாம் என்று முதலில் நீங்களே கேளுங்கள். பதிலை அவர் சொல்லட்டும். பிறகு உடைமைகள் ஒரு பக்கம், கடன்கள் ஒரு பக்கம், ஆண்டுச் செலவு அடியில் என்று எழுதுங்கள். உங்கள் சம்பளத்தையும் அதில் சேர்க்க மறக்காதீர்கள்; கடிதம் முழுவதிலும் அதை நீங்கள் ஓரிடத்தில்கூடக் குறிப்பிடவில்லை. பெயர்களை நீக்கிவிட்டு அந்தத் தாளின் படியையும் வங்கி தரும் தவணை விவரத்தையும் எனக்கு அனுப்பினால், வட்டி உயர்ந்தால் நிலைமை என்னவாகும் என்பதைக் கணக்கிட்டு, நீங்கள் வங்கிக்குப் போகும் நாளுக்கு முன்பே பதில் எழுதுகிறேன்.